அட்டைக் கடி

கணுக்காலில் இருந்த சிவந்த புள்ளிகளைப் பார்த்ததும், "மலேயாக் காட்டு அட்டைதானே?" என்று அப்பத்தா இன்று காலை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) அமர்ந்தபடியே கேட்டார்கள். ஐயா (தாத்தா) கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நாடு என்பதால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவில், தெம்பிலிங் ஆற்றங்கரை விடுதியில் தங்கியிருந்த நாட்களில் மழை விடவேயில்லை. ஈரச் சருகின் நுனியில் நூல் போல எழுந்து நின்ற அட்டை, என் மூச்சையும் உடற்சூட்டையும் உணர்ந்து, வளைந்து நிமிர்ந்து என்னை நோக்கி நடந்து வந்ததை மிக அருகில் பார்த்தேன். கடித்தது தெரியவில்லை, அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால், அது உதிர்ந்த பிறகும் காலுறை நனைந்துகொண்டே இருந்தது.

புலி இருக்கிறது, யானை இருக்கிறது. ஆனால் அந்த அடர்த்தியில் அவை கண்ணில் படுவது அரிது. (புலிக்காகவே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.) மர உச்சிகளுக்கிடையே தொங்கும் நடைபாலத்திலும் இலைகளைத்தான் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது.

4,343 சதுர கிலோமீட்டர் காடு. 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் காப்பகமாக்கப்பட்டதால் தப்பியது.

அதற்கு வெளியே எத்தனையோ காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களில் நம் நகரத்தார்களும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) உண்டு என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.