லோட்டா வித்தைக்கு ஆபுத்திரன் கதை: செய்து பார்த்தது

மேஜிக்கில் லோட்டா வித்தை என்பது இதுதான்: சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, காலி என்று காட்ட வேண்டும். வேறு ஒரு ஐட்டம் முடித்துவிட்டு வந்து கவிழ்த்தால் மறுபடி தண்ணீர். மேஜிக் நிபுணர் பி. சி. சர்க்கார் ஷோ முழுக்க இடையிடையே 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று சொல்லி ஊற்றுவார். மேஜிக் செய்யும் நம்மில் பலரும் இன்றுவரை அதையேதான் செய்கிறோம். ஜனங்கள் கை தட்டுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வரும்படி ஒரு கதை வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதில் எனக்கு வழிகாட்டி பாரிஸின் மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹூடின். 1846-இல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். மறு வருடமே இவர் அதை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஈதரை முகர்ந்தால் உடம்பு லேசாகிவிடும் என்று சொல்லி, மகனை ஒரு கோலில் முழங்கை மட்டும் ஊன்றியபடி அந்தரத்தில் கிடத்தினார். அரங்கெங்கும் ஈதர் வாசனை வேறு. ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு பொருளைக் காரணமாக்கியதால்தான் அந்த வித்தை அப்படிப் பிடித்துக்கொண்டது.

என் சொம்புக்கு முதலில் அமுதசுரபியை வைத்துப் பார்த்தேன். மணிமேகலை கையில் பாத்திரம், ஆதிரை இட்ட முதல் பிச்சை, காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசிநோய் என்று கதை நன்றாகவே ஓடியது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் முன்வரிசைப் பொடியன் ஒருவன் கேட்டான்: "மாமா, அதுல சோறுதானே வரணும்? ஏன் தண்ணி வருது?" அருமையான கேள்வி. நான் தேடிய கதை அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

மணிமேகலைக்கு முன் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்தவன் ஆபுத்திரன். காப்பியத்தில் அவன் பகுதியைத் திரும்பப் படித்தேன். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடப் பஞ்சம். பாத்திரத்தை வைத்துக்கொண்டு அவன் எல்லோருக்கும் சோறு போடுகிறான். வரம் தர வந்த இந்திரனை மதிக்கவில்லை. கோபம் கொண்ட இந்திரன் சாபம் எதுவும் இடவில்லை, மழையைப் பெய்ய வைத்துவிட்டான்! நாடு செழித்தது. பாத்திரத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. இதைவிடக் கொடுமையான தண்டனையை நான் எந்தக் கதையிலும் கண்டதில்லை.

இப்போது சொம்பு இந்திரன் கையில். "எந்த ஊருக்கு மழை வேணும்?" என்று கூட்டத்தைக் கேட்கிறேன். அவரவர் ஊர்ப் பெயரைக் கத்துகிறார்கள். ஒரு ஊருக்கு ஊற்றி, சொம்பைத் தலைகீழாக ஆட்டிக் காட்டி, மேஜைமேல் வைக்கிறேன். அடுத்த ஊற்றலுக்கு முன் கொஞ்ச நேரம் விட வேண்டும், லோட்டா வைத்திருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். முன்பெல்லாம் அந்த இடைவெளியை ரோப் ஐட்டத்தால் நிரப்புவேன். இப்போது அதுதான் ஆபுத்திரன் பேசும் நேரம். வெறுங்கையைக் கிண்ணம்போல் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறேன். "யாருக்காவது பசிக்குதா?" முதல் தடவை எல்லாக் கையும் உயரும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், மழை பெற்ற ஊர்க்காரர்கள் கையைத் தூக்கக் கூடாது என்பது ஏற்பாடு. கைகள் குறையக் குறைய நான் இன்னும் நெருங்கிப் போய்க் கேட்கிறேன். கடைசி ரவுண்டில் ஒரு பாட்டி எனக்காகவே கையைத் தூக்கினார், "பாவம்யா, எனக்குக் குடு" என்று. அவர் தூக்கிய கை கதையைக் கெடுக்கவில்லை, அதை அப்படியே சேர்த்துக்கொண்டேன். இனி கடைசி ஊற்றல் அப்படிக் கை தூக்குபவரின் ஊருக்கு.

கைத்திறன் பக்கம் புதிதாக எதுவும் இல்லை. சொம்பை எடுக்கும்போது அதைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கப் பழகினேன், அவ்வளவுதான்.

இன்னும் சரிசெய்ய வேண்டியது இந்திரன் வரும் இடம். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே கதை நீளுகிறது, இந்திரன் பேச்சை இரண்டு வரிக்குள் அடக்கப் பார்க்கிறேன். மணிபல்லவத் தீவில் கப்பல் ஆபுத்திரனை விட்டுவிட்டுப் போவதையும், அவன் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விடுவதையும் சேர்க்கலாமா என்ற யோசனையும் உண்டு. அதற்கு சொம்பு கண்ணெதிரே மறைய வேண்டும். துணியை வைத்து ஒரு வழி முயன்றுகொண்டிருக்கிறேன்.