லாங்வுட் மாளிகையின் பூசாத சுவர்கள்

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. அப்படி அளந்தவற்றில், மிசிசிப்பி மாநிலம் நாட்செஸ் ஊரில் உள்ள லாங்வுட் அளவுக்கு வேறெந்த வீடும் என்னை யோசிக்க வைத்ததில்லை. பருத்திப் பண்ணை முதலாளி ஹாலர் நட் 1860-இல் கட்டத் தொடங்கிய எண்கோண மாளிகை அது. வடிவமைத்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன். திட்டமிட்டது 32 அறைகள். முடிந்தது அடித்தளத்தில் உள்ள 9 அறைகள் மட்டும்.

வெளியே நின்று பார்த்தால் குறை தெரியாது. வெங்காய வடிவக் குவிமாடம், தூண்கள், பால்கனிகள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே மேல்தளத்துக்குப் போனால் பூச்சு காணாத செங்கல் சுவர்கள், வெறும் மரச்சட்டங்கள். மற்ற மாளிகைகளில் பூச்சுக்குள் மறைந்துவிடும் சங்கதிகள் இங்கே கண்ணெதிரே தெரியும். உத்தரம் சுவரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தொட்டே பார்க்கலாம். எண்கோணத்தின் மூலை 135 பாகை என்பதால் 90 பாகை பார்க்கும் மூலைமட்டம் உதவாது; மூலைவிட்டங்களை எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சுவரோடும் நெடுநேரம் நின்றேன்.

1861-இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1864-இல் நட் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அடித்தளத்திலேயே வாழ்ந்தார். இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சோகமான கதைதான். ஆனால் ஊருக்குத் திரும்ப முடிந்தவர்கள் திரும்பினார்கள், முடியாதவர்கள்? இந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்துச் சுட்டவர்கள் நட்டின் அடிமைகள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அடித்தளத்தை முடித்ததிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. மனிதர்களை விற்ற ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’ சந்தையும் இதே நாட்செஸில்தான் இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட பெரிய சந்தை அது.

எங்கள் அறிக்கையில் உரிமையாளர், கட்டடக் கலைஞர் இருவருக்கும் இடம் உண்டு. உழைத்தவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும் என்றேன். “பெயர் தெரியாதவர்களைப் பற்றி என்ன எழுதுவது?” என்று கேட்டார் குழுத் தலைவர். பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் செய்த வேலை முழுக்க நம் முன்னால் இருக்கிறதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, எழுதுங்கள். பொதுவாக வேண்டாம், எந்தெந்த வேலை என்று குறிப்பாக எழுதுங்கள்” என்றார். அப்படியே எழுதினேன்.

அதன் பிறகு தெற்கில் எந்த மாளிகைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, உழைத்தவர்களின் தடயம் தேடி, பண்ணையின் கணக்கேடுகளை. குடும்பப் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.