பெட்டியும் காசும்

இன்று ஆங்கில வகுப்பில் சீன மாணவி ஒருவர் 'கேஷ்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். சீனத்தில் 'சியென்ஜின்', அதாவது ரொக்கம் என்றேன். அத்துடன் விட மனம் வரவில்லை.

லத்தீன் 'கப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் பணப்பெட்டியாகி, ஆங்கிலத்தில் உள்ளிருக்கும் பணத்தையே குறித்தது. நம் இலக்கணத்தில் இடவாகுபெயர்.

பழைய ஆங்கில நூல்களில் இன்னொரு 'கேஷ்' உண்டு. அது சீனத்துச் செப்புக்காசு. என்னிடம் இருந்த சியென்லோங் பேரரசர் காலத்துக் காசு ஒன்றை மாணவியின் உள்ளங்கையில் வைத்தேன். வட்டக் காசு, நடுவில் சதுரத் துளை. அதைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள், பின்புறம் அப்பேரரசர் குலத்தாரின் மொழியான மஞ்சூவில் எழுத்து. துளையில் கயிறு கோத்து, ஆயிரம் காசு ஒரு சரம் என்று கணக்கிட்டார்கள்.

இந்தக் 'கேஷ்' பெட்டியிலிருந்து வந்ததன்று. நம் 'காசு'தான் போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் 'கேஷ்' ஆனது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. அவருடைய நாட்டு நாணயத்துக்கு என் மொழிச் சொல்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கா... சு" என்று மெல்லச் சொன்னார். பிறகு நோட்டில் அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.