கடிகாரம், தொப்பி, கை

யூன் 3, செவ்வாய்

யாழ்ப்பாணம் கோண்டாவில் ரியூசன் வகுப்பில் இன்று டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவல் தொடங்கினேன். எட்டுப் பிள்ளைகள், எல்லாரும் உயர்தரம். போன வருசத்து நோட்ஸையே போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். கல்யாண நாளில் கைவிடப்பட்ட பணக்காரி மிஸ் ஹவிஷாமின் வீட்டில் 8:40இல் நின்ற கடிகாரம் என்றால் நின்றுபோன காலம், மூடுபனி என்றால் குழப்பம், இப்படி ஒரு பக்கம் முழுக்க. பத்து நிமிசத்தில் எட்டுப் பேரும் பாடமாக்கிவிட்டார்கள், கதை மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. பிழை என்னுடையதுதான், வாய்ப்பாடு மாதிரிக் கொடுத்தால் வாய்ப்பாடு மாதிரித்தானே ஒப்பிப்பார்கள்.

யூன் 5, வியாழன்

நோட்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேரே 27ஆம் அத்தியாயத்துக்குத் தாவினேன். கொல்லர் ஜோ, தான் வளர்த்த பிப்பை (கதையைச் சொல்கிறவன் இவன்தான்) பார்க்க லண்டன் வருகிறார். பிப் இப்போது பெரிய மனிசன், காசு கொடுத்தாவது இவரைத் தடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன் என்று அவனே சொல்கிறான். ஜோ தன் தொப்பியை, முட்டையோடு இருக்கும் குருவிக்கூட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டு, கணப்புக்கு மேலுள்ள தட்டின் ஓரத்தில் வைக்க, அது விழுகிறது, எடுத்து வைக்கிறார், திரும்பவும் விழுகிறது. ஒரு பெடியன் தன் ஹெல்மெட்டை யன்னல் விளிம்பில் வைத்து நடித்தே காட்டினான். வகுப்பே சிரித்தது. அப்புறம் பின்வாங்கிலிருந்த பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், பகிடியாத்தான் எழுதியிருக்கு, ஆனா எழுதுறவனுக்குச் சிரிப்பு வரேல்லைப் போல கிடக்கே?”

இதைத்தான் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. நாவலில் இரண்டு பிப். ஜோவைக் கண்டு வெட்கப்படுகிறவன் ஒருவன். பல வருசம் கழித்து, அந்த வெட்கத்தை நினைத்துக் கூனிக் குறுகி எழுதுகிறவன் மற்றவன். பாத்திர வளர்ச்சி என்று நாங்கள் பலகையில் எழுதுவது இந்த இரண்டு பேருக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான்.

யூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. வகுப்பில்லை. சரியான வெக்கை.

யூன் 12, வியாழன்

கதையில் கை வரும் இடங்களைத் தேடச் சொன்னேன். 8ஆம் அத்தியாயத்தில் மிஸ் ஹவிஷாம் வளர்க்கும் எஸ்டெல்லா, சிறுவன் பிப்பின் முரட்டுக் கையை நக்கலடிக்கிறாள். அதுவரை அவனுக்குத் தன் கையை நினைத்து வெட்கமே வந்ததில்லை. 39இல், தன்னைப் பெரிய மனிசனாக்கிய காசு மிஸ் ஹவிஷாமுடையது இல்லை, அவுஸ்திரேலியாவில் ஆடு வளர்த்து உழைத்த குற்றவாளி மக்விச்சுடையது என்று தெரிகிறது, அவன் தொட்டதும் பிப் பாம்பு தீண்டியதுபோல விலகுகிறான். 56இல், மக்விச் உட்பட 32 பேரை ஒன்றாக நிறுத்தி மரணதண்டனை விதிக்கும்போது, பிப் பக்கத்தில் நின்று அதே கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஊரில் இதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. “என்ர ரியூசன் காசு மாமாதான் அனுப்புறவர்,” என்றான் ஹெல்மெட் பெடியன். “வீடியோ கோலில முகம்தான் தெரியும். கையை நான் கண்டதில்லை.” நான் ஒன்றும் சொல்லவில்லை. 56ஐ இன்னொரு தரம் வாசித்தோம்.

யூன் 17, செவ்வாய்

கட்டுரைகள் வந்துவிட்டன. ஒருத்தி, மிஸ் ஹவிஷாமின் உடையில் பிடித்த நெருப்பை அணைக்கப் போய் பிப்பின் கை வெந்த இடத்தை நான் சொல்லாமலே பிடித்திருக்கிறாள், அதற்கு முழுப் புள்ளி. எட்டாவது கட்டுரையின் முதல் வரி: “நின்ற கடிகாரம் என்றால் நின்றுபோன காலம்.” நான் நோட்ஸைத் திருப்பி வாங்கமுன்னமே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.