மூன்றாவது லைனில் காத்திருப்பவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்த அழைப்புகள் 61. ஒலிபரப்பில் போனவை ஒன்பது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: மாலை நேரப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றுக்கு வரும் போன்களை முதலில் எடுப்பவன் நான். பேரைக் கேட்பேன், எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்று கேட்பேன். அரை நிமிடத்தில் ஆளை எடை போட்டுத் திரையில் ஒரு வரி தட்டுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்தும் அண்ணனின் திரையில் அது தெரியும். வரியின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம். ஆளுங்கட்சிக்கு ஆதரவாகப் பேசுவார் என்று பட்டால் ப்ளஸ், எதிராக என்றால் மைனஸ். போன தேர்தல் சமயத்தில் தயாரிப்பாளர் அக்கா சேர்த்த கட்டம் இது. தேர்தல் முடிந்தது, கட்டம் அப்படியே நின்றுவிட்டது.

எங்களுடையது அரசியல் நிகழ்ச்சி இல்லை. ஒரு நாள் தூக்கமின்மை, ஒரு நாள் பரீட்சை பயம், ஒரு நாள் ஓய்வூதியம். ஆனால் எதை எடுத்தாலும் மூன்றாவது நேயர் அதை ஆட்சியில் கொண்டுபோய் முட்டிவிடுவார். தூக்கம் வராததற்குக் கூட.

காலையில் கூட்டம். விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவர் சொன்னார்: "உங்க நேயர்கள் எல்லாம் எதிர்க்கட்சிக்காரங்கதானே. அந்தக் கணக்குலயே விளம்பரம் பிடிக்கலாம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தினமும் கேக்கறேனே. கூப்பிடறவங்க எல்லாரும் திட்டத்தானே செய்யறாங்க?"

பதில் சொல்ல வரவில்லை. ஒன்பது பேரைத்தான் அவர் கேட்கிறார். மீதி 52 பேரை நான் மட்டும்தான் கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, "சரி, அதையே தலைப்பா வச்சிடலாம். பதினேழாம் தேதி. தம்பி, நீ கொஞ்சம் படிச்சு வை" என்றார். தம்பிக்கு வயது நாற்பத்து மூன்று.

மார்ச் 5, வியாழன்

படித்ததில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் சார்லஸ் காக்லின். 1930களின் அமெரிக்கா, டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ராயல் ஓக் என்ற ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார். ஞாயிறுதோறும் வானொலியில் பேசுவார். உச்சத்தில் மூன்று கோடிப் பேர் வரை கேட்டிருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கடிதங்களைப் பிரிப்பதற்கென்றே குமாஸ்தாக்களை வைத்திருந்தார்.

முதலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆள். "ரூஸ்வெல்ட், இல்லையேல் நாசம்" என்பது அவருடைய கோஷம். கொஞ்ச காலத்தில் அதே ரூஸ்வெல்ட்டுக்கு எதிராகத் திரும்பினார். கடைசியில் யூதர்கள் மீது வெறுப்பைக் கக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார், அது தனிக் கதை. எனக்கு வேண்டியது 1936. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வில்லியம் லெம்கே என்ற மூன்றாவது கட்சி வேட்பாளரை நிறுத்த உதவிவிட்டு, அவருக்கு 90 லட்சம் ஓட்டு வாங்கித் தராவிட்டால் வானொலியையே விட்டுவிடுகிறேன் என்று சவால் விட்டார். லெம்கே வாங்கியது ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. சொன்னபடி விலகினார். ஜனவரியில் திரும்பி வந்துவிட்டார், அதுவும் வானொலி வழக்கம்தான்.

கடிதம் பிரித்த அந்தக் குமாஸ்தாக்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை மூட்டையாக அன்பைப் பிரித்துப் படித்தவர்கள். 90 லட்சம் என்றபோது ஒருவராவது "அது கொஞ்சம் அதிகம்ங்க" என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். கடிதம் எழுதியவர்களை மட்டும்தானே அவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

அழைப்புகள் 48. தலைப்பு பல்வலி. நான்காவது நேயரில் சுகாதாரத் துறை வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

தலைப்பு, நேரத்துக்கு வராத பேருந்துகள். நடுவில் அண்ணன் ஒரு வாக்கியம் சொன்னார்: "யார் ஆட்சியில இருந்தாலும் கணக்கு கேக்கறவன் ஒருத்தன் வேணும்." அவர் இதை வாரம் ஒரு முறையாவது சொல்வார். நாங்கள் யாரும் கவனிப்பதில்லை.

7:10க்கு ஒரு அம்மா. "தம்பி, போட்டார் பாரு ஒரு போடு! இப்ப உக்காந்திருக்கறவங்களுக்கு நல்லா உறைச்சிருக்கும்."

7:16க்குப் பெரியவர். வாரத்தில் மூன்று நாளாவது கூப்பிடுபவர். தொடக்க இசை முடிந்த கையோடு கூப்பிடுவார், அதற்குள் இரண்டு பேர் முந்தியிருப்பார்கள், அதனால் எப்போதும் மூன்றாவது லைன். இன்று தொடக்கத்தில் கூப்பிடவில்லை, நிகழ்ச்சியின் நடுவில் கூப்பிட்டார், அப்போதும் மூன்றாவது லைன்தான். குரல் குழைந்திருந்தது. "'யார் ஆட்சியில இருந்தாலும்'னாரே, கவனிச்சீங்களா? போன ஆட்சியைத்தான் குத்தறார். பேரே சொல்லாம. அதுதான் சாமர்த்தியம்."

ஆறு நிமிட இடைவெளி, ஒரே வாக்கியம். அம்மாவுக்கு மைனஸ், பெரியவருக்கு ப்ளஸ் போட்டேன். இருவரும் போனை வைக்கும் முன் சொன்னது: "எப்படியோ, நம்ம ஆளு."

அண்ணன் யாருடைய ஆள்? பதினோரு வருடமாகக் கண்ணாடி வழியாக அவரைப் பார்க்கிறேன். அவர் ஓட்டுப் போட்டதை விரலில் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டதில்லை.

மார்ச் 12, வியாழன்

பிப்ரவரி மாதப் பதிவு முழுவதையும் எடுத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது.

வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் கட்டம் காலி. ப்ளஸும் இல்லை, மைனஸும் இல்லை. "எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான்", "அண்ணன் நேத்து சொன்ன டாக்டர் யாரு", "ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டேன்". ஒலிபரப்பில் போனவற்றைத் தனியாகப் பிரித்தால் காலிக் கட்டம் மாதம் முழுக்க நான்கு. நான்கே நான்கு. மைனஸ்கள் குவியல், நடுநடுவே சண்டைக்கு ஒரு ப்ளஸ். போதாதற்கு, மைனஸ்களில் பதினான்கு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. விளம்பரக்காரர் தினமும் கேட்ட "எல்லாரும்" இந்தப் பதினான்கு பேர்தான்.

யார் தேர்ந்தெடுத்தது? அக்கா. யார் தட்டிக் கொடுத்த வரிகளிலிருந்து? சரி, விடுங்கள்.

அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா, 'சும்மா கூப்பிட்டேன்'னு சொல்றவரை உள்ளே அனுப்பி ரெண்டு நிமிஷம் என்ன பண்றது? சூடா பேசறவர்தான் அடுத்த அஞ்சு பேரைக் கூப்பிட வைப்பார்." அதுவும் உண்மைதான். திருப்தியாக இருப்பவர் போனை எடுப்பதில்லை. அதனால் யார் ஆட்சியோ அவர்களுக்கு எதிரானவர்கள்தான் எப்போதும் லைனில் முந்தி நிற்கிறார்கள். ஆட்சி மாறுவதற்கு முன்னால் எங்களை இதே வாயால் மறுபக்கத்து நிகழ்ச்சி என்று சொன்னவர்கள் உண்டு. அப்போதும் அதே அண்ணன், அதே கண்ணாடி.

எல்லா நிகழ்ச்சியும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா விஷயம் வேறு. சர்ச்சையான விஷயங்களில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1949 முதல் இருந்த விதியை 1987ல் கைவிட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. அவருடைய நேயர்களின் சாய்வைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, வலதுசாரிகள். அவர்களுக்கு "டிட்டோஹெட்" என்று பேர். நான் இத்தனை நாள் அதை "அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவர்கள்" என்றே நினைத்திருந்தேன். ஆரம்பம் அப்படி இல்லையாம். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நிகழ்ச்சியைப் புகழ்ந்தே நேரத்தைத் தின்றதால், "முன்னே பேசினவர் புகழ்ந்தாரே, அதேதான்" என்று சுருக்கமாக "டிட்டோ" சொல்ல ஆரம்பித்தார்கள். போன் எடுப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எனக்குத் தெரியும். புகழ்ச்சிக்கான சுருக்கெழுத்து, காலப்போக்கில் அரசியல் அடையாளம் ஆகிவிட்டது.

அந்த லிம்பாவே 2008 தொடக்கத்தில் ஜான் மெக்கெயினைத் தினமும் விளாசினார். வலதுசாரிகளின் குடியரசுக் கட்சி மெக்கெயினைத்தான் ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியது. சாய்வு இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாய்ந்தவர்கள் எல்லாரும் அவர் கைகாட்டிய பக்கம் விழவில்லை.

அதற்கு எவ்வளவோ முன்பே, 1940 தேர்தலின்போது, ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) சமூகவியல் ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட்டும் கூட்டாளிகளும் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் பேட்டி கண்டார்கள். வானொலியும் பத்திரிகையும் ஆட்களைக் கட்சி மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். மாறியவர்கள் சொற்பம். பெரும்பாலோர் தங்களுக்கு ஏற்கெனவே பிடித்த தரப்பின் பேச்சைத் தேடிக் கேட்டு, இருந்த இடத்திலேயே இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் நேயர்கள் அதற்கும் ஒரு படி மேலே. பிடித்த பேச்சைத் தேடிப் போகவில்லை, கேட்கும் பேச்சையே பிடித்ததாக மாற்றிக்கொள்கிறார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

விடுமுறை. ஒரு சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேயர். நேயம் என்றால் அன்பு. வானொலியில் நாம் "கேட்பவர்" என்று சொல்வதில்லை, அன்புள்ளவர் என்கிறோம். கேட்கிறவரும் ரசிகரும் நம் மொழியில் ஒரே ஆள். அதனால்தான் குழப்பமோ என்னவோ. தொண்டர் என்பது வேறு சொல், வேறு வேலை. நான் நேயரிடம் அரை நிமிடம் பேசிவிட்டுத் தொண்டர் கட்டத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வானொலிக்காரர் பற்றியும் படித்தேன். அரசியல் இல்லாத, ஆபாசமும் நக்கலுமான நிகழ்ச்சி. எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டுச் சிரித்தார்கள். டொனால்ட் டிரம்ப் பல ஆண்டுகள் அதன் விருந்தாளி. பிறகு ஸ்டெர்ன் அதே டிரம்புக்கு எதிராக 2016ல் ஹிலாரி கிளின்டனையும் 2020ல் ஜோ பைடனையும் ஆதரித்தார். பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம் "ஆள் மாறிட்டார்" என்று இன்றுவரை புலம்புகிறது. அவர் மாறினாரா, இவர்கள் தாங்களாக எழுதி வைத்திருந்த ஆள் மறைந்து போனாரா? அண்ணன் வாயைத் திறக்காமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சிறப்பு நிகழ்ச்சி. அழைப்புகள் 112, என் காலத்தில் இதுதான் அதிகம்.

காக்லின் கதையை அண்ணன் அழகாகச் சொன்னார். பதினான்கு எண்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. அக்கா வேண்டாம் என்றுவிட்டார், எனக்கும் அதில் ஒரு நிம்மதி.

7:40க்கு ஒரு இளைஞர். என்னிடம் "வானொலி வரலாறு பற்றிக் கேட்கணும்" என்றார். உள்ளே போனதும், "சார், நேராவே கேக்கறேன். நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

எங்கள் ஒலிபரப்பு ஏழு நொடி தாமதமாகத்தான் வெளியே போகும். கன்சோல் பையனின் விரல் வெட்டும் பொத்தான் மேலேயே இருந்தது. அண்ணன் மைக்கை நோக்கிக் குனிந்தார். வாய் திறந்தது. அப்புறம் இருமினார். ஒரு வாரமாகவே அவருக்குத் தொண்டை சரியில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த நேயர் யாரு?" என்றார். பையன் விரலை எடுத்தான். இருமல் மட்டும் ஏழு நொடி கழித்து வெளியே போனது.

அதன்பின் வந்த அழைப்புகளில் பாதி அந்த இருமலைப் பற்றி. "பேர் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, மிரட்டறாங்க போல, பாவம்" என்றார் ஒருவர். "பதில் சொல்லாததே பதில்தானே, இப்ப இருக்கறவங்களுக்குப் போடறவர்னா பயமில்லாம சொல்லியிருப்பாரே" என்றார் இன்னொருவர். "கேக்கக் கூடாததைக் கேட்டா இருமத்தான் செய்வார், எங்க தலைவரும் இப்படித்தான் இருமுவார்" என்று ஒரு அம்மா. ஒருவர் மட்டும் தொண்டைக்கு மருந்து சொன்னார். அவருக்குக் கட்டம் காலி, வரிசையில் கடைசி.

மார்ச் 20, வெள்ளி

தொடக்க இசை முடிந்தது, மூன்றாவது லைன் மினுங்கியது. பெரியவர்.

இன்றைய தலைப்பு மறுபடியும் பேருந்து. வழக்கம்போல் "இப்ப எவ்வளவோ பரவாயில்லைங்க, புது வண்டியெல்லாம் விட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தார். கை தானாக ப்ளஸ்ஸுக்குப் போனது. மூன்று வருடமாக அவருக்கு ப்ளஸ்தான். நிறுத்திக் கேட்டேன்: "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க அவங்க கட்சியா?"

சிரித்தார். "யாரு, நானா? ஓட்டு என் சொந்த விஷயம், அதைக் கேக்காதீங்க. ஆனா அவங்க கட்சி இல்லை."

"அப்புறம் ஏன் எப்பவும் அவங்களுக்குப் பரிஞ்சே பேசறீங்க?"

"எல்லாரும் திட்டிக்கிட்டே இருக்காங்களே தம்பி. ஒருத்தராவது அந்தப் பக்கம் பேச வேண்டாமா? இல்லேன்னா சார் யார்கிட்டத்தான் வாதாடுவார்? போன ஆட்சியில நான் அப்ப இருந்தவங்களுக்காகப் பேசினேனே, நீங்க கவனிக்கல போலிருக்கு. நிகழ்ச்சி நல்லா இருக்கணும்ல."

"அன்னைக்குப் போன ஆட்சியைக் குத்தறார்னு என்கிட்ட மட்டும் சொன்னீங்களே, அது?"

"உள்ளே அனுப்புவீங்கன்னு நெனச்சேன். அனுப்பல."

அரை நிமிடம் தாண்டிவிட்டது. பேரைத் தட்டினேன், தலைப்பைத் தட்டினேன், கட்டத்தை விட்டுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் காதில்: "மூணாவது லைன்ல கட்டம் காலியா இருக்கே?"

"தெரியலக்கா."

"மூணு வருஷமா கூப்பிடறவரு, தெரியலையா?" என்று அவரே ஒரு ப்ளஸ் போட்டு உள்ளே அனுப்பினார். பெரியவர் புது வண்டிகளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அண்ணன் விடாமல் மறுத்துப் பேசினார். லைன்கள் எல்லாம் நிரம்பிவிட்டன.