எங்க கிணத்து வெள்ளத்துக்கு எந்த ஃபில்டர்?

மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு ஸ்டீல் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது என் வேலை. மேல் பாத்திரத்துக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைத் திருகினால், தண்ணீரை வடிக்கும் இரண்டு கேண்டிலும் கையோடு வந்துவிடும். வாங்கும்போது சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாக இருந்தவை, இப்போது செம்மண் நிறத்தில், தொட்டால் வழுவழுவென்று இருக்கும். சோப்பு போடக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, பழைய பல் பிரஷால் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்ப்பேன். விரலிடுக்கில் செந்தண்ணீர் வழிந்து, உள்ளே இருந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பிறகு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். முடியளவு கீறல் இருந்தாலும் அந்தக் கேண்டில் போச்சு. தண்ணீர் அந்த வழியாகவே இறங்கிவிடும், வடிகட்டாது.

தண்ணீரில் இருக்கும் உப்பை எடுக்கும் ஆர்.ஓ. மிஷினை மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு மறுபடியும் இந்தக் கேண்டிலுக்கு வந்திருக்கிறோம். ஏன் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். வெட்டுக்கல் பூமி. கிணறு பாட்டா காலத்தது, அடியில் நெல்லிப்பலகை போட்டுக் கட்டியது. எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். பாட்டி கிணற்று வெள்ளத்தைக் கோரி, பழைய நேரியலை, அதாவது தோளில் போடும் துண்டை, நாலாக மடித்துச் சருவத்தின் வாயில் கட்டி, அதில் ஊற்றுவாள். புதுத்துணியில் வடிக்கவே மாட்டாள். இது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பங்களாதேஷ் கிராமங்களில் இதையே ஆராய்ந்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடித்த இடங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் பொடி உயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும், துணியில் அவை சிக்கிவிடும். பல தடவை துவைத்த துணியில் நூல் பிசிறி, இடைவெளி இன்னும் சிறிதாகிவிடுகிறது. அதனால்தான் பழைய துணி. பாட்டி கையில் வைத்திருந்தது சரியான துணிதான்.

கேண்டிலுக்கும் இதே போல ஒரு கதை உண்டு. பாரிஸில் லூயி பாஸ்டரோடு வேலை பார்த்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1884ல் மெருகிடாத பீங்கானில் ஒரு குழாய் செய்தார். பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய துளை. 1891ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெர்க்ஃபெல்ட் பீங்கானுக்குப் பதிலாக டயாட்டம் மண்ணைப் பயன்படுத்தினார். கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண் அது. அதில் தண்ணீர் சுலபமாக இறங்கியது.  என் கையில் இருக்கும் கேண்டில் இந்த வம்சம்தான்.

மறு வருடம், 1892ல், ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், நோய் பிடித்த புகையிலைச் சாற்றைச் சேம்பர்லாண்ட் குழாயில் வடித்துப் பார்த்தார். வடித்த பிறகும் சாறு நோயைப் பரப்பியது. வைரஸ் என்ற ஒன்று இருக்கிறது என்பது இப்படித்தான் தெரிய ஆரம்பித்தது. இதை நான் மறப்பதே இல்லை, ஏனென்றால் மஞ்சள் காமாலை பரப்பும் ஹெபடைடிஸ் ஏ ஒரு வைரஸ். கேண்டில் அதைத் தடுக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது. கேண்டில் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் கொதிக்கவும் வைக்க வேண்டும்.

சரி, ஆர்.ஓ. எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் ஃபில்டர் விற்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு கிளாஸில் எங்கள் கிணற்று வெள்ளம், இன்னொன்றில் அவர் பாட்டில் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, ப்ளக்கைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் கிணற்று வெள்ளம் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே சகதி போல நுரை மிதந்தது. பாட்டில் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மை நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "இதையா மக்கா இவ்வளவு நாளும் குடிச்சோம்?" அடுத்த வாரம் மிஷின் சுவரில் ஏறிவிட்டது.

உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. கிணற்று வெள்ளத்தில் கொஞ்சம் தாது உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. அவர் பாட்டிலில் இருந்தது ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயவில்லை, துருவும் இல்லை. பின்னால் நானே இரண்டு இரும்பு ஆணியும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வைத்துச் செய்து பார்த்தேன். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் அதே பழுப்பு, அதே நுரை. அம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பயமுறுத்தி விற்றார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. எங்கள் கிணறு 62 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மிஷினைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் சொன்னது. எங்கள் மிஷினோ 62ஐ 7 ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் குடிக்க, மூன்று லிட்டர் நல்ல வெள்ளம் குழாய் வழியே ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஆர்.ஓ.வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மணவாளக்குறிச்சிக்கு அப்பால் கடற்கரையோரம். அவள் வீட்டுக் கிணற்றில் அதே மீட்டர் 1,380 காட்டியது. "இந்த வெள்ளத்துல பருப்பு வேகாது மக்கா" என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லுவாள். நேரியல், கேண்டில், கரி, கொதிக்க வைப்பது, எதுவுமே உப்பை எடுக்காது. கொதிக்கக் கொதிக்க ஆவிதான் போகும், உப்பு சட்டியிலேயே கிடக்கும். அவளுக்கு ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வேகமாக விடும் சவ்வைச் செய்தார்கள். 1965ல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊருக்கு அந்த முறையில் குடிநீர் போனது. அக்கா வீட்டில் பருப்பு வேகிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நன்றி சொல்லலாம். கழிவுத் தண்ணீரை அத்தான் ஒரு டிரம்மில் பிடித்து, முற்றம் கழுவ வைத்துக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் மிஷினைக் கழற்ற வைத்தது 2021 நவம்பர் மழை. குளம் உடைத்துக்கொண்டு வந்து கிணறு விளிம்பு வரை செக்கச்செவேலென்று நின்றது. கரண்ட் இல்லை. மிஷின் சும்மா தொங்கியது. பரணிலிருந்து ஸ்டீல் ஃபில்டரை இறக்கி, நேரியலில் வடித்து, கேண்டிலில் ஊற்றி, கொதிக்கவும் வைத்துத்தான் குடித்தோம். மழை விட்டதும் கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டோம். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. வெளித்தண்ணீர் புகுந்த கிணற்றுக்கு அது போதாது, சுகாதார ஆய்வாளரைக் கேட்டுத்தான் போட வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் சாயங்காலம் ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும்.

எங்கள் கிணற்றில் பிரச்சினை உப்பே இல்லை என்பது அந்த வாரம் புரிந்தது. மண்ணும் கிருமியும்தான். பக்கத்து மனையில் செப்டிக் டேங்க் வந்துவிட்டது, மழையில் ஊற்று கலங்குகிறது. அதற்கு வேண்டியது மண்ணை நிறுத்த ஒரு கேண்டில், வைரஸையும் அடக்க ஒரு கொதி. கொதிக்க வைக்க முடியாத அவசரத்துக்கு புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் ஒரு யூ.வி. விளக்கு வாங்கியிருக்கிறேன். கலங்கிய தண்ணீரில் அதன் ஒளி ஊடுருவாது, அதனால் கேண்டிலில் இறங்கிய பிறகுதான் யூ.வி.க்குப் போகும்.

கழுவிய கேண்டிலை இப்போதுதான் மாட்டினேன். வாஷர் ஒரு பக்கம் சப்பிப் போயிருந்தது, ஐந்து ரூபாய்க்குப் புதிது போட்டாயிற்று. முதலில் இறங்கும் இரண்டு பாத்திரம் குடிக்க வேண்டாம், அது வாழைக்குப் போகும். மூன்றாவது சொட்டிக்கொண்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும்.