உதவித்தொகை வாங்கியதும், வாங்கியதைக் கோட்டைவிட்டதும்

நான்கு வருட இளநிலைப் படிப்பில் மொத்தம் இருபத்திரண்டு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது நான்கு. அதில் ஒன்றை நானே கோட்டைவிட்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்காலர்ஷிப் எப்படி வாங்குவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், வாங்கியது எப்படிக் கைநழுவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சேரும்போதே மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. மூன்றாவது செமஸ்டரில் ஒரு கணிதப் பாடம் சுத்தமாகப் பிடிபடவில்லை. ஃபெயிலாகி சராசரி மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பாதியிலேயே அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன். சராசரி தப்பித்தது. ஆனால் ஒரு செமஸ்டருக்கு இத்தனை கிரெடிட்டாவது (ஒவ்வொரு பாடத்துக்கும் வைத்திருக்கும் எடைப் புள்ளி) முடிக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை ஒப்புதல் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்ததோடு சரி, நான் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அடுத்த செமஸ்டர் கட்டணச் சீட்டு முழுத் தொகைக்கு வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

இது என் கல்லூரியில் மட்டும் உள்ள வழக்கமில்லை. அமெரிக்காவில் அரசு உதவி வாங்குபவர்கள் பெரும்பாலான கல்லூரிகளில் எடுத்த கிரெடிட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்துக் காட்ட வேண்டும், பாதியில் விட்ட பாடமும் 'எடுத்த' கணக்கில்தான் சேரும். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மத்திய அரசு தரும் உதவித்தொகையை (இளநிலைக்கு முதல் மூன்று வருடம் வருடத்துக்கு 12,000 ரூபாய்) புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும், அதோடு ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தல் விண்ணப்பத்தையும் நாமேதான் போட வேண்டும். தானாக வந்துகொண்டிருக்கும் என்று நினைத்து இரண்டாம் வருடத்தில் விட்டவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர்.

சரி, நின்றுவிட்டால் என்ன செய்வது? மேல்முறையீடு செய்யலாம். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு சீனியர் அக்காதான் சொன்னார்: "அழுது எழுதாதே. என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இந்த ரெண்டை மட்டும் எழுது." பாடத்தை ஏன் விட்டேன், விடுமுறையில் அதே பாடத்தை எப்படி முடிக்கப் போகிறேன், பாட ஆசிரியரின் கையெழுத்து, அவ்வளவுதான், ஒரே பக்கம். அந்த செமஸ்டர் பணம் போனது போனதுதான். அடுத்ததிலிருந்து திரும்பக் கிடைத்தது.

அப்புறம் இந்தப் பெயர்க் குழப்பம். கிராண்ட் என்றால் குடும்பத்தின் பணத்தேவையைப் பார்த்துத் தருவது, ஸ்காலர்ஷிப் என்றால் திறமையைப் பார்த்துத் தருவது, இரண்டையும் திருப்பித் தர வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயரை நம்பாதீர்கள். ஆசிரியராகப் போகிறவர்களுக்கான அமெரிக்காவின் டீச் கிராண்ட் வருடத்துக்கு 4,000 டாலர் வரை தரும், ஆனால் படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், ஏழை மாணவர்கள் அதிகம் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடத்தைக் கற்பிக்க வேண்டும். தவறினால் வாங்கியது முழுவதும் கடனாக மாறும், வட்டி பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்காகும். ஜெர்மனி அரசின் பாஃபெக் உதவியில் கல்லூரி மாணவர்களுக்குப் பொதுவாகப் பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். கடனென்றாலும் திருப்பிக் கட்டுவதற்கு 10,010 யூரோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கெட்டது, நல்லது என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லவில்லை, கையெழுத்துப் போடும் முன் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே தேடுவது என்பதில் நான் செய்த பெரிய தவறு, எல்லாருக்கும் தெரிந்த பெரிய தொகைகளின் பின்னால் முதல் வருடம் முழுக்க ஓடியது. ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் வருடம் என் துறை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்துப் போட்டேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வைத்துவிட்டுப் போன நிதி, இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள், அந்த வருடம் விண்ணப்பித்ததே மூன்று பேர்! நிபந்தனை எவ்வளவு குறுகலோ போட்டி அவ்வளவு குறைவு. அதனால் முதலில் உங்கள் துறை, பிறகு கல்லூரி, பிறகு அரசு, பெற்றோர் வேலை பார்க்கும் இடம், கடைசியில் வெளி அறக்கட்டளைகள் என்று போங்கள்.

அரசு உதவி என்றால் தகுதியில்லை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். பணத்தேவை உள்ள இளநிலை மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர், அதற்கும் இன்னும் பல உதவிகளுக்கும் ஒரே படிவம்தான், ஃபாஃப்ஸா (FAFSA). அந்தப் பெயரின் முதல் எழுத்தான F-ஏ Free, 'இலவசம்' என்பதைத்தான் குறிக்கிறது. அதை நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களும், உதவித்தொகை உறுதி, முதலில் பதிவுக்கட்டணம் கட்டு என்பவர்களும் ஒரே ரகம். பக்கத்தை மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

வெளிநாட்டில் இளநிலை படிக்க முழு உதவி குறைவுதான், முதுகலைக்குத்தான் அதிகம். இருந்தாலும் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இளநிலை மாணவர்களுக்கும் உண்டு, பொதுவாக ஐந்து வருடம், அதில் முதல் வருடம் ஜப்பானிய மொழிக்கே போய்விடும். ஹார்வர்டு, எம்.ஐ.டி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டாலும் அது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. பெரும்பாலான மற்ற இடங்களில் பாதிக்கலாம்.

இன்னொரு கசப்பான விஷயம். வெளியிலிருந்து ஒரு உதவித்தொகை வந்தால் கல்லூரி தான் தரும் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2017இல் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. கஷ்டப்பட்டு வாங்கும் முன் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வந்தால் எது குறையும்?" குறையும் என்றால், இனாமைத் தொடாமல் கடன் பங்கைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

கட்டுரை எழுதச் சொன்னால் "சிறு வயதிலிருந்தே எனக்கு..." என்று தொடங்காதீர்கள். என் முதல் வரைவு அப்படித்தான் தொடங்கியது, ஆசிரியர் படித்துவிட்டு, "இதையேதான் முப்பது பேர் எழுதியிருப்பார்கள்" என்றார். ஆய்வகத்தில் தப்பாக வந்த ஓர் அளவீடு ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் மல்லுக்கட்டியதை எழுதினேன். இரண்டு இடங்களுக்கு அதே கட்டுரையைத் தட்டிக்கொட்டி அனுப்பினேன், ஒன்று கிடைத்தது. பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆசிரியரிடம் போய் நில்லுங்கள், அவரிடம் நீங்கள் எடுத்த பாடங்கள், செய்த புராஜெக்ட், கடைசித் தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மாணவி என்று மட்டும் எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை.

ஒப்புதல் வந்தும் பணம் வராமல் போவதுண்டு. சான்றிதழில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் பெயர், இனிஷியல் இடம் மாறியிருப்பது, பல மாதம் தொடாமல் செயலிழந்த கணக்கு. இந்தியாவில் நேரடிப் பணப் பரிமாற்றம் ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும், கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்கள் என்பதை மறந்துவிட்டு வேறு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகக் கிடைத்தது நான் தேடிப் போகாத ஒன்று. வருட நடுவில் சிலர் படிப்பை விட்டோ கல்லூரி மாறியோ போவார்கள், அவர்களுக்கு ஒதுக்கிய பணம் சும்மா கிடக்கும். நான்காம் வருடம் இரண்டாவது செமஸ்டர் தொடக்கத்தில் வேறு எதற்கோ அலுவலகம் போனவள், "மீதி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இருக்கும்மா. யாரும் கேட்கலை. நாளைக்குள்ள ஃபாரம் குடுத்துடு" என்றார்.